தறிக்குழியும் முதுகு வலியும்

சங்கத் தறிகளைப் பார்வையிடச் செல்லும்போது, ஓடும் தறி எத்தனை, ஓடாத தறி எத்தனை என்று எண்ணுவதோடு, ஓடாததற்குக் காரணத்தையும் என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது வழக்கம். நூல் தட்டுப்பாடு, பாவு வரவில்லை, வீட்டில் விசேஷம், வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று ஒரு சில காரணங்களே மாறி மாறி வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஓர் அங்கத்தினரின் தறி மூன்று மாதம் தொடர்ந்து நின்றிருந்தது. நூலுக்குக் குறைவில்லை; பாவும் ஏற்றப்பட்டிருந்தது. பாதி நெய்த பருத்திச் சேலை படமரத்தில் சுற்றியபடி தூசி படிந்து கிடந்தது. ஆள் வீட்டில் இல்லை. 'வேலையில் நாட்டமின்மை' என்று எழுதிவிட்டு வந்தேன்.

அவ்வாண்டுப் புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் திருவண்ணாமலைக்குச் சென்றிருந்தேன். நான் சொல்வது கார்த்திகை தீபத்துத் திருவண்ணாமலை அன்று. தென் திருப்பதி என்று நம் பக்கத்தார் போற்றும், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த ஸ்ரீநிவாசப் பெருமாள் குன்று. அடிப்படியில், குடும்பத்தாரின் செருப்புகளுக்குக் காவலாக அதே அங்கத்தினர் ஒருபுறம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழ முயன்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி அமர்ந்தார்.

"ஐயா, எனக்கு நாட்டமில்லை என்று எழுதிவிட்டீர்களாமே, சங்கத்து எழுத்தர் சொன்னார். தறியில் உட்கார ஆசைதான். உட்கார்ந்தால் அரை மணியில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கடன் வாங்கிப் படம் எடுத்துப் பார்த்தோம். தட்டு விலகியிருக்கிறதாம், இனித் தறிப் பக்கமே போகாதே என்று சொல்லிவிட்டார்கள். தறியை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. பின்னர் மருத்துவர்களிடம் விசாரித்தும், நூல்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். தறியும் வயலும் முதுகை எவ்வாறு வருத்துகின்றன, அவற்றுள் எதை நாமே திருத்திக்கொள்ளலாம், எதற்குத் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும் என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

இது நம் வட்டாரத்துக்கு மட்டும் வந்த துன்பமன்று. 2020-ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் வருந்தினர் என்றும், 2050-க்குள் இத்தொகை 84 கோடியைத் தாண்டும் என்றும் ஆய்வாளர் கணித்துள்ளனர். மனிதரை வேலை செய்யவிடாமல் முடக்கும் காரணங்களில் உலகில் இதற்கே முதலிடம். நெசவாளருக்கு இதில் பழைய உறவும் உண்டு. இத்தாலிய வைத்தியர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி 1700-இல் வெளியிட்டு 1713-இல் விரிவாக்கிய தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில் நெசவாளருக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

முதுகின் அமைப்பு

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்புக்குப் பின்புறம் 12, இடுப்பில் 5 ஆக 24 அசையும் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடியில் உள்ளவை ஒன்றோடொன்று இணைந்து அடிப்பீடமாக அமைந்துள்ளன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் இருப்பது இடைத்தட்டு. மருத்துவர்கள் 'டிஸ்க்' என்பது இதனையே. அதன் ஓரம் நார்ச்சுற்றுகளால் ஆனது; நடுப்பகுதி கூழ் போன்றது. அடுக்கின் உள்ளே தண்டுவடம் இறங்குகிறது. அதிலிருந்து பிரியும் நரம்புகள் எலும்புகளின் இடைவெளி வழியே கைக்கும் காலுக்கும் செல்கின்றன.

இவ்வடுக்கு தானாக நிற்பதில்லை. முன்புறம் வயிற்றுத் தசைகளும் பின்புறம் முதுகுத் தசைகளும் இழுத்துப் பிடிப்பதால் நிற்கிறது. பாவின் இழுப்பு ஒரே சீராக இல்லாவிட்டால் துணி எப்படி வரும் என்பது நெசவாளருக்குத் தெரியும். தளர்ந்த இழைகளின் வேலையையும் இறுகிய இழைகளே தாங்கி, அவையே முதலில் அறும். வயிற்றுத் தசை தளர்ந்தவருக்கு முதுகுத் தசை அவ்விதமே இரட்டிப்பு வேலை செய்து களைத்துப் போகிறது. முதுகு வலியில் பெரும்பங்கு இப்படித் தசையும் தசைநாரும் களைத்து வருவதே. எலும்பு முறிந்தோ தேய்ந்தோ வருவதன்று.

இடைத்தட்டைப் பற்றி இன்னொரு செய்தி. அதற்கு நேரடியான இரத்த ஓட்டம் மிகச் சொற்பம். அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போதே அது தனக்கு வேண்டிய நீரையும் ஊட்டத்தையும் பெறுகிறது. பகலெல்லாம் நம் பாரத்தால் அதிலிருந்து நீர் கசிகிறது. இரவில் படுத்திருக்கும்போது மீண்டும் ஊறுகிறது. அதனால்தான் காலையில் அளந்தால் நாம் மாலையில் இருப்பதைவிட ஒரு சென்டிமீட்டர் அளவு உயரமாக இருக்கிறோம். விடிந்து எழுந்த முதல் ஒரு மணி நேரம் தட்டு நீரூறி விறைத்திருப்பதால், அவ்வேளையில் ஆழக் குனிந்து பளு தூக்குவது நல்லதன்று. கோழி கூவியதும் உரமூட்டையைப் புரட்டும் விவசாயி அம்மூட்டையைச் சிறிது நேரம் கழித்துப் புரட்டலாம். முதலில் கண்மாய்க்கரை வரை நடந்து வரட்டும்.

படத்தில் தெரிவது எல்லாம் நோயா?

1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வைத்தியர்கள் மிக்ஸ்டர், பார் என்ற இருவர், பிதுங்கிய இடைத்தட்டு நரம்பை அழுத்துவதால் காலுக்கு இறங்கும் வலி உண்டாகிறது என்று எழுதினர். அது உண்மையே. ஆனால் அதுமுதல் எல்லா முதுகு வலிக்கும் தட்டையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வழக்கம் வந்துவிட்டது.

2015-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல மறுமொழி. வலி எதுவும் இல்லாத 3,110 பேருக்கு எடுத்த படங்களை, 33 ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்தனர். 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்குத் தட்டில் தேய்மானம் தெரிந்தது. 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்குத் தெரிந்தது. தட்டுப் பிதுக்கமோ 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதே இங்குக் கவனிக்கத் தக்கது. தலை நரைப்பதுபோல், முகம் சுருங்குவதுபோல், தட்டும் வயதைக் காட்டுகிறது. ஆகவே படத்தில் 'தேய்மானம்', 'பிதுக்கம்' என்று எழுதியிருப்பதாலேயே தொழிலை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. நரம்பு அழுந்திக் காலில் இறங்கும் வலிகூடப் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், கத்தி வைக்காமலே தணிகிறது. பிதுங்கிய பகுதி தானே சுருங்குவதும் உண்டு.

நம் அங்கத்தினர் கடன் வாங்கி எடுத்த படத்தின் பயன், அவருக்கு அச்சத்தை உண்டாக்கியதுதான். அச்சம் கொண்டவர் அசைய மறுக்கிறார், அசையாத முதுகு மேலும் இறுகுகிறது, இறுகியது வலிக்கிறது. படம் தேவையான சந்தர்ப்பங்கள் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

தறியில் என்ன நேர்கிறது?

குழித்தறியில் அமர்ந்தவரின் உடலைச் சற்றுக் கவனியுங்கள். கால்கள் குழிக்குள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. ஒரு கை நாடாவுக்கான கயிற்றை இழுக்கிறது. மறு கை அச்சை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. கையும் காலும் ஓயாமல் ஓடுகின்றன. ஆனால் இடுப்பு ஒன்று மட்டும் மணிக்கணக்கில் ஒரே நிலையில், சற்று முன்னோக்கி வளைந்தபடி, அசையாமல் நிற்கிறது. இந்த அசையாமையே வலியின் முதற்காரணம்.

1960-களில் சுவீடன் நாட்டு வைத்தியர் நாகெம்சன், இடைத்தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காருவதில் அழுத்தம் அதிகம் என்று அவர் கண்டார். உட்காருவதே முதுகுக்குப் பகை என்ற கொள்கை அதிலிருந்து பரவிற்று. 1999-இல் ஜெர்மனியில் ஒருவர் தம் இடுப்புத் தட்டுக்குள் கருவி வைக்க இசைந்து, பலவித நிலைகளில் அளக்கப்பட்டார். நிமிர்ந்து நிற்பதற்கும் நிமிர்ந்து உட்காருவதற்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. முன்னால் குனிந்து நின்றபோது இரு மடங்காயிற்று. 20 கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கியபோது நான்கு மடங்குக்கு மேல் போயிற்று. முழங்காலை மடக்கித் தூக்கியபோது மூன்று மடங்குக்குச் சற்று மேல். இது ஒரே மனிதரின் கணக்கு என்பதை மறக்கலாகாது. ஆயினும் உட்காருவதைவிட, குனிந்தே உட்காருவதுதான் தொல்லை என்பது இதனால் விளங்குகிறது.

அப்படியானால் நெசவாளர் ஏன் குனிகிறார்? பல வீடுகளில் நான் பார்த்துவந்த வரையில் மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, குழி. அது பெரும்பாலும் இன்று நெய்பவருக்காக வெட்டப்பட்டதன்று. பாட்டனார் வெட்டிய குழியில் பேரன் காலை விட்டிருக்கிறார். பாட்டனாரின் கால் நீளம் வேறு, பேரனின் கால் நீளம் வேறு. இடையில் தரைக்குச் சிமெண்டு பூசி, அதன்மேல் ஓடு பதித்து, தளத்தை உயர்த்தியிருப்பார்கள். குழியும் அந்த அளவுக்கு ஆழமாகிவிடும். மிதி எட்டாததால் நெய்பவர் பலகையின் நுனிக்குச் சரிகிறார். இடுப்பு பின்னால் உருளுகிறது, முதுகு வில்லாகிறது. குழி ஆழம் குறைந்திருந்தாலோ முழங்கால் மேலெழும்பி அதே வில் வேறு வழியில் உண்டாகிறது. பார்த்தறிய எளிய வழி உண்டு. அமர்ந்த நிலையில் இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். மிதியை முழுதும் அழுத்தும்போதும் இருக்கையை விட்டுச் சரியக் கூடாது. குழி ஆழமானால் மிதியை உயர்த்திக் கட்டலாம். குறைந்தால் உட்காரும் பலகைக்கு அடியில் கட்டை வைக்கலாம். பலகையை உயர்த்தினால் படமரம் தாழ்ந்துபோய் மறுபடி குனிய நேரும். ஆகவே நெய்யும் இடம் முழங்கை மட்டத்துக்கு வருமாறு அதனையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தச்சருக்கு இவை அரை நாள் வேலை.

இரண்டாவது, வெளிச்சம். சன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தன் நிழலிலேயே நெய்பவர்களை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். அறுந்த இழையைத் தேட அவர் முகத்தைப் பாவின்மேல் கொண்டுபோகிறார். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது அது எலும்பு அடுக்கின்மேல் அமர்ந்திருக்கும்; குனிந்தால் கழுத்தின் பின்தசைகளே அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒரு செம்புத் தண்ணீரை மார்போடு அணைத்துப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

மூன்றாவது, கண். நாற்பது வயதைக் கடந்ததும் அருகிலிருப்பது மங்குவது இயற்கை. நெசவாளருக்குக் கழுத்து வலி தொடங்கும் வயதும் பெரும்பாலும் அதுவே. கழுத்துக்கு எண்ணெய் தேய்க்கிறாரே தவிர, கண்ணாடியை நினைப்பதில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டமொன்றில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளரை வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. அருகுப் பார்வைக் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். கொழுந்து பறிப்பதற்கே இவ்வளவு என்றால், இழை எண்ணி நெய்வதற்குக் கண்ணாடி எவ்வளவு அவசியம்! கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்று ஊரார் சொல்வார்களே என்று தயங்குபவர்கள், கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பார்ப்பதையும் ஊரார் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தறி சரியாக அமைந்தாலும் அதிலேயே ஊன்றியிருக்கலாகாது. அரை மணிக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் எழுந்து, இடுப்பில் கைவைத்துப் பின்புறமாக மெல்லச் சாய்ந்து, நாலடி நடந்து வர வேண்டும். நெய்த அளவுக்குத்தானே கூலி, எழுந்து நின்றால் யார் கொடுப்பார் என்ற கேள்வி எழும். கணக்குப் பார்ப்பது என் தொழிலாதலால் பார்த்துவிட்டேன். எட்டு மணி நேரத்தில் பதினாறு முறை எழுந்தால் 32 நிமிடம். நம் அங்கத்தினரின் தறி நின்றதோ மூன்று மாதம். நேரம் பார்க்க மறந்துபோகிறது என்பவர்கள், தார்க் கூடையைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்காமல் எதிர்ச் சுவர் ஓரமாக வைத்து, ஒரு வேளைக்கு நாலைந்து தார் மட்டும் எடுத்து வந்தால் போதும். தார் தீரும்போது கால்கள் தாமாகக் குழியை விட்டு வெளியே வரும்.

தார் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. ராட்டையில் தார் சுற்றும் பெண்களின் பெயர் பல வீடுகளில் அங்கத்தினர் பதிவேட்டில் இல்லை. தரையில் ஒருபுறம் காலை மடக்கி, ஒரு கையால் சுழற்றி, மறு கைப்பக்கம் கழுத்தைத் திருப்பியபடியே நாள் முழுவதும் இருக்கிறார்கள். ஒரே பக்கம் திரும்பிய கழுத்தும் ஒரே பக்கம் சாய்ந்த இடுப்பும் வலிக்காமல் என்ன செய்யும்? ராட்டையை ஒரு சாண் உயரப் பலகைமேல் ஏற்றி, தாமும் மணைமேல் அமர்ந்து, உடம்பு நேராகப் பார்க்கும்படி திருப்பிக்கொண்டால் பெரும்பகுதி குறையும். அதன்பின் சமையலும் தண்ணீர்க்குடமும் காத்திருக்கின்றன என்பது வேறு விஷயம். குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் ஏற்றாமல் மாற்றி ஏற்ற வேண்டும்.

உட்காராத தொழில்களுக்கும் இவ்வலி விலக்கன்று. சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிக்காரரும், இராஜபாளையத்து நூற்பாலைகளில் வேலை செய்பவர்களும் நின்றே வேலை பார்ப்பவர்கள். அவர்களும் மாலையில் இடுப்பைப் பிடிக்கிறார்கள். நிற்பவர் சிறிது உட்கார வேண்டும். உட்கார்ந்திருப்பவர் சிறிது நிற்க வேண்டும். நிற்கும் இடத்தில் ஒரு காலை மாற்றி மாற்றி வைக்க அரையடி உயரக் கட்டை ஒன்று கிடந்தால் இடுப்புக்கு ஆறுதல்.

வயலில்

விவசாயியின் முதுகு வேறு வகையில் வருந்துகிறது. நாற்று நடுவதும் களையெடுப்பதும் இடுப்பிலிருந்து ஒடிந்து குனியும் வேலைகள். நம் பக்கத்தில் இவை பெரும்பாலும் பெண்களின் கைவேலை. பருத்திக்காட்டிலும் அவ்வாறே. இதற்கு மருந்தைவிடக் கருவியே முதலில் வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் களையெடுக்கவும் பயிர் கலைக்கவும் குட்டைப் பிடி கொண்ட களைக்கொட்டையே கொடுத்துவந்தனர். தொழிலாளர் நாள் முழுவதும் மடிந்து நின்று வேலை செய்து, நடுவயதுக்குள் முதுகொடிந்து போயினர். நீண்ட பிடி போட்டால் வேலை நயமாக இராது, பயிர் சேதமாகும் என்று பண்ணைக்காரர்கள் வாதாடினர். வழக்கு அம்மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1975-இல் குட்டைப் பிடிக்குத் தடை வந்தது. அதன்பின்னும் அங்கு விவசாயம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு கழியின் நீளத்துக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. நம் மண்வெட்டிப் பிடியை நீட்டிக்கொள்ள யாருடைய உத்தரவும் தேவையில்லை. நெல்லில், செம்மை நெல் சாகுபடி முறையில் வரிசையாகச் சதுர நடவு செய்தால், கோனோ களைக்கருவியை நின்றபடி தள்ளிக் களையை அமுக்கலாம். இறுகிய சேற்றில் அதைத் தள்ளுவதும் எளிதன்று என்று பெண்கள் என்னிடம் முறையிட்டதுண்டு. வயலில் நீர் நிறுத்தித் தள்ளினாலும் தோள் வலிக்கிறது என்கிறார்கள். ஆளுக்குச் சிறிது நேரமாக மாறி மாறித் தள்ளுவதே இப்போதைக்கு வழி.

மூட்டை தூக்குவதைப் பற்றி. ஒரு வளர்ந்த ஆண் தனியே சுமக்கும் பளு 55 கிலோவைத் தாண்டலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-இல் சிபாரிசு செய்தது. 2018-இல் நம் நாட்டில் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. முதுகுக்கு இரங்கிச் செய்ததன்று. உரத்தை அளவோடு போடட்டும் என்று செய்தது. எப்படியோ முதுகுக்கும் 5 கிலோ மிச்சம். தூக்கும்போது மூட்டையை உடம்போடு ஒட்டி அணைத்துக்கொள்வதும், தூக்கிய நிலையில் இடுப்பை முறுக்காமல் பாதத்தை நகர்த்தித் திரும்புவதும் முக்கியம். இரண்டாவதைச் செய்யாததால் பிடித்துக்கொண்ட இடுப்புகள் அநேகம். கிடங்கில் மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் முழங்கால் உயர மேடைமேல் அடுக்கினால், ஆழக் குனியும் வேலையே குறைந்துவிடும். டிராக்டர் ஓட்டுபவருக்கு வண்டியின் ஓயாத அதிர்வே முதுகுக்குக் கேடு. இருக்கையின் வில் செத்துப்போயிருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு முதுகு வலி அதிகம் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன.

வலி வந்துவிட்டால்

'பத்து நாள் பாயை விட்டு எழுந்திராதே' என்பதே நம் ஊர்களில் முதலில் கிடைக்கும் புத்திமதி. 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், திடீர் இடுப்பு வலி வந்தவர்களை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கையில் இருந்தனர். ஒரு பிரிவினர் முதுகுப் பயிற்சி செய்தனர். ஒரு பிரிவினர் வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைச் செய்துவந்தனர். மூன்றாம் பிரிவினரே விரைவில் குணமாயினர். ஆகவே முதல் நாள் தாங்கமுடியாமல் படுக்க நேர்ந்தாலும், மறுநாள் வீட்டுக்குள்ளாவது நடக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். எண்ணெய் தடவிக்கொள்வதிலும் தீங்கில்லை. பேரப்பிள்ளையை முதுகில் ஏற்றி மிதிக்கச் சொல்லும் வழக்கத்தை முதியவர்கள், குறிப்பாகப் பாட்டிமார், விட்டுவிட வேண்டும். எலும்பு மெலிந்த வயதில் அது முறிவில் முடியலாம்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு, உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நெறிமுறை வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கம் சொல்வதையும் முறையான உடற்பயிற்சியையும் அது முன்வைக்கிறது. இடுப்புப் பட்டையையும், எடை கட்டி இழுக்கும் வைத்தியத்தையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பட்டை வாங்கியவர்கள் நம் சங்கங்களிலேயே பலர். வலி மாத்திரை சில நாளைக்கு உதவும். மருத்துவரைக் கேளாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். சந்தையில் பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் 'மூட்டுவலிப் பொடி'யை ஒருபோதும் வாங்கலாகாது. இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. தின்றவுடன் வலி பறப்பதும், பின்னால் முகம் வீங்குவதும், சர்க்கரை ஏறுவதும், எலும்பு உளுத்துப்போவதும் அதன் வேலையே.

இனி, தாமதமே கூடாத சந்தர்ப்பங்கள். முதுகு வலியோடு சிறுநீர் அல்லது மலம் அடைத்துக்கொண்டாலோ, தன்னையறியாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடையின் உட்புறத்திலும் மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்து செருப்பு நழுவினாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. மரத்திலிருந்து விழுந்தபின் வரும் வலியும் அவ்வாறே. தென்னை ஏறுபவர்களும் மாமரம் ஏறுபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். அவர்களை உட்காரவைத்தும் மடித்தும் தூக்காமல், பலகையில் நேராகக் கிடத்திக் கொண்டுபோக வேண்டும்.

மாலைக் காய்ச்சல், உடல் இளைப்பு, பசியின்மை, படுத்தாலும் விடாத இரவு வலி ஆகியவை முதுகு வலியோடு சேர்ந்திருந்தால், அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். இலண்டன் வைத்தியர் பெர்சிவல் பாட் 1779-இலேயே இதனை விவரித்தார். நம் நாட்டில் இன்றும் காண்கிறோம். இருமல் இல்லையே, எப்படிக் காசநோய் என்று எண்ணி ஏமாறக் கூடாது. காலத்தில் கண்டால் மருந்தினாலேயே குணமாகும். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். பலருக்கு ஓராண்டுக்கு மேலும் உட்கொள்ள நேரிடும். நடுவில் நிறுத்தினால் கூனும் கால் முடக்கமும் வரும். வாலிபர்களுக்கு வரும் வேறொரு நோயும் உண்டு. விடியற்காலையில் முதுகு கட்டையாய் இறுகி, நடமாடினால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடும். மாதக்கணக்கில் இப்படி இருந்தால் மூட்டு வாதத்தில் தேர்ந்த மருத்துவரிடம் காட்ட வேண்டும். படமும் இரத்தச் சோதனையும் உண்மையில் தேவைப்படுவது இத்தகைய சந்தர்ப்பங்களில்தான்.

நம் வட்டாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் அரசு ஆஸ்பத்திரிகள் உண்டு. விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி மருத்துவம் அளிக்கும் ஏற்பாடும் இருக்கிறது.

மனக்கவலைக்கும் முதுகு வலிக்கும் உள்ள உறவை முதலில் நான் நம்பவில்லை. கடனும் தூக்கமின்மையும், இனி வேலை செய்யவே முடியாதோ என்ற பயமும் வலியை நீட்டிக்கும் வலிய காரணங்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வலி பொய் என்பது இதன் பொருளன்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல், 'முதுகு வலிக்குப் படுத்துவிடாதீர்கள்' என்ற கருத்தைத் தொலைக்காட்சி வழியே மக்களிடம் பரப்பினர். முதுகு வலிக்காக நஷ்டஈடு கோரும் மனுக்கள் அங்குக் குறைந்தன. இக்கட்டுரையை நான் எழுதத் துணிந்ததற்கு அச்செய்தியும் ஒரு காரணம்.

அடிப்படியில் பார்த்த அங்கத்தினரின் வீட்டுக்கு அப்புறம் இருமுறை சென்றேன். அவருடைய குழி, தளம் உயர்ந்ததால் ஒரு சாணுக்கு மேல் ஆழமாகிப் போயிருந்தது. மிதியை உயர்த்திக் கட்டினார்; உட்காரும் பலகையின் முன்விளிம்பைச் சீவிச் சாய்த்தார்; தறியைத் திருப்ப இடமில்லாததால் பக்கவாட்டில் ஒரு விளக்குப் போட்டார். இப்போது காலையில் இரண்டு மணியும் மாலையில் இரண்டு மணியும் நெய்கிறார். வலி முற்றும் போய்விடவில்லை; மழைக்காலத்தில் இன்னும் முனகுகிறார். தூசி படிந்த அந்தச் சேலை சங்கத்துக்கு வந்து சேர்ந்தது. என் குறிப்பேட்டில் அந்த இரண்டு சொற்களையும் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.

சங்க நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். தறி பழுதுபார்க்கக் கடன் கேட்கும் மனுக்களில் குழித் திருத்தத்தையும் உட்காரும் பலகையையும் விளக்கையும் செலவினமாக ஏற்றுக்கொள்ளலாம். கண் பரிசோதனை முகாம் நடத்தும்போது, தார் சுற்றும் பெண்களையும் வரிசையில் நிறுத்தலாம். உரக்கிடங்கு உள்ள சங்கங்கள் முழங்கால் உயர மேடை ஒன்றைக் கட்டலாம்.

அடுத்த முறை தறி பார்வையிட வரும்போது அளவு நாடா ஒன்று கொண்டு வருவேன். குழிக்குள் கிடக்கும் பழைய செருப்பு, உடைந்த தார்க்கட்டை முதலியவற்றை அங்கத்தினர்கள் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால், ஆழத்தை அளந்து எழுதிக்கொள்ளச் சௌகரியமாக இருக்கும்.